முயலின் கண்ணும் கடைவாய்ப் பல்லும்

கோடை விடுமுறை வந்தால் சென்னை அடுக்ககங்களில் முயல்கள் பெருகிவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய நாற்காலி பார்க்கப் போனவர்கள்கூட பிள்ளையின் பிடிவாதத்துக்காக ஒரு ஜோடி முயலோடு திரும்புவார்கள். வாங்கும்போது யாரும் அதன் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. கொஞ்ச காலம் கழித்து கண்ணில் நீர் வடிய ஆரம்பித்ததும், முயல் வளர்ப்பவன் என்று பெயரெடுத்துவிட்ட என்னிடம் வருவார்கள். “சார், முயலுக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கு. என்ன சொட்டு மருந்து விடலாம்?”

நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்கு எரிச்சலூட்டும். “என்ன சாப்பிடக் கொடுக்கறீங்க?”

சம்பந்தம் இருக்கிறது. கண்ணீர் வடிந்துபோக மனிதக் கண்ணில் மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என இரண்டு துளைகள் உண்டு. முயலுக்குக் கீழ் இமையில் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்று. அங்கிருந்து மூக்குக்குப் போகும் மெல்லிய குழாய், மேல் கடைவாய்ப் பல் வேரின் அருகே ஒருமுறை வளைகிறது, முன்பல் வேரின் அருகே இன்னொரு முறை வளைகிறது. முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். மணிக்கணக்கில் புல்லை அரைத்தால்தான் அந்த வளர்ச்சி தேயும். தேயாத பல் வெளியே நீள்வதோடு நிற்காது. வேர்ப்பக்கமும் பின்னுக்குத் தள்ளிக் குழாயை நெரிக்கும். போக வழியில்லாத கண்ணீர் கன்னத்தில் வழியும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் பீளை தள்ளும், பிறகு சீழ்.

“கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட். ரொட்டின்னா உயிரை விடும் சார்” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். இவை எதுவும் பல்லைத் தேய்க்கிற தீனி இல்லை. எல்லாக் கண் கோளாறுக்கும் பல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வைக்கோல் தூசி கண்ணில் விழலாம். கூண்டைக் கழுவாமல் விட்டால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணை எரிக்கும். சளி பிடித்த முயலுக்கு மூக்கிலிருந்து கிருமி கண்ணுக்கு ஏறும். ஆனால் சொட்டு மருந்து விட்டால் நின்று, நிறுத்தினால் மறுபடி வடிகிற கண் என்றால், வாயைப் பார்க்காமல் விடக் கூடாது.

மாடி வீட்டு முயலைத் தூக்கிக்கொண்டு போனபோது மருத்துவர் அதைத்தான் செய்தார். கண்ணைத் தொடவில்லை, கீழ்த்தாடை ஓரமாக விரலை மெதுவாக ஓட்டி மேடு தட்டுகிறதா என்று பார்த்தார். காது பார்க்கும் கருவியின் கூம்பை வாய்க்குள் நுழைத்துக் கடைவாயைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஆரஞ்சு நிறத் தாள் துண்டு ஒன்றை நனைத்துக் கண்ணோரம் ஒற்றினார். விளக்கை அணைத்து நீல ஒளியில் பார்த்தால், கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கிற இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. குழாய் திறந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அதே பச்சை மூக்குத் துவாரத்தில் எட்டிப் பார்க்கும். அதுவும் வரவில்லை.

“அது அழுவுதா டாக்டர்?” என்று கேட்டாள் முயலுக்குச் சொந்தக்காரி. இரண்டாம் வகுப்பு.

“அழலைம்மா. வடிகால் அடைச்சிருக்கு.”

மழைக்காலச் சென்னையில் வாழ்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, அந்தத் துளைக்குள் ஊசியில்லாத மெல்லிய குழாயை நுழைத்துச் சலைனைச் செலுத்தினார். முதலில் போகவில்லை. பிறகு மூக்கிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக, திரிதிரியாக வந்து விழுந்தது. முயலின் சீழ் அப்படித்தான் இருக்கும், நீர்த்து ஓடாது. மண்டையை எக்ஸ்ரே எடுத்ததில் மேல் பல் வேர்கள் நீண்டிருந்தது தெரிந்தது. நீண்ட வேரைக் குறுக்க மருந்து கிடையாது. அந்த முயலுக்கு அவ்வப்போது குழாயைக் கழுவவும் பல்லைச் சீராக்கவும் வேண்டியிருக்கிறது. மற்றபடி நன்றாக ஓடுகிறது.

முயல் வலியைக் காட்டிக்கொடுக்காது. மற்ற பிராணிகளுக்கு இரையாகிற உயிர், நோஞ்சானாகத் தெரிந்தால் பிழைப்பில்லை. அதனால் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். முன்னங்கால்களின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணில் வடிவதைக் காலால் துடைத்துத் துடைத்து அங்கே ரோமம் பிசுபிசுத்துத் திரண்டிருக்கும். புழுக்கை சிறுத்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால் அது தூக்கம் அல்ல, வலி. வெள்ளை முயலின் சிவப்புக் கண்ணைப் பார்த்துப் பயந்து ஓடி வருபவர்களும் உண்டு. அது நிறமி இல்லாததால் ரத்த ஓட்டம் தெரிவது, பிறவி வாகு. சிவக்கக் கூடாதது அதைச் சுற்றியுள்ள வெண்மையும் இமையின் உட்புறமும்தான்.

ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பின்னால் சீழ்க்கட்டி இருக்கலாம். அதற்கும் மூலம் பெரும்பாலும் பல்தான். பாப்பாவுக்குள் வெள்ளைக் கட்டியாக ஏதாவது தெரிந்தால், முயல் மூத்திரம் வழியாகவோ கருவிலேயே தாயிடமிருந்தோ தொற்றுகிற நுண்கிருமி ஒன்றைச் சந்தேகிப்பார்கள். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் கண் அழுத்தம் பரம்பரையாக வருவதுண்டு. இதையெல்லாம் வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. கருவிழி மங்கினாலும், கண் பிதுங்கினாலும், கண்ணைத் திறக்கவே மறுத்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நாம் அப்படிச் செய்கிறோமா? நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிகிற பாட்டி ஒரு பக்கம், தாய்ப்பால் விடச் சொல்கிற அத்தை ஒரு பக்கம். இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். எனக்குப் பயமெல்லாம் மருந்துக்கடையைப் பார்த்துத்தான். கண் சிவந்திருக்கிறது என்றால் அங்கே எடுத்துத் தருவது பல நேரம் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்த சொட்டு. பெட்டியில் ‘டெக்ஸாமெதசோன்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது, ஆழமாகிக் கண்ணில் ஓட்டையே விழலாம். இன்னொரு ஆபத்து, குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப். முயலின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களை அது அழித்துவிடும், கெட்டவை பெருகி முயலே போய்ச் சேரும். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போய் உயிரை எடுத்த கதை நிறைய உண்டு.

இத்தனைக்கும் மனிதன் மிக அதிகமாக ஆராய்ந்த கண்களில் முயலின் கண்ணும் ஒன்று. 1944இல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்கர் சகாக்களோடு வகுத்த சோதனை முறையில், ஷாம்பூவும் முகப்பூச்சும் எரிச்சல் தருமா என்று பார்க்க அவற்றை முயலின் கண்ணில் விட்டார்கள். அடிக்கடி இமைக்காத பெரிய கண் என்பது அவர்களுக்கு வசதி. அழகுசாதனங்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014இல் தடை செய்தது. நம் தலைமுடி பளபளக்க அத்தனை கண்கள் எரிந்திருக்கின்றன. இந்தப் பிராணிக்கு ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை.

மருத்துவரிடம் போகும்வரை காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்துப் பீளையை ஊறவைத்துத் துடைக்கலாம். கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிய்த்து இழுக்கக் கூடாது. பட்டினி போடாதீர்கள். முயலுக்கு வாந்தி வராது. அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகும் அபாயம் உண்டு. நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதால், முயல் பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூண்டில் என்னென்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டால் பிஸ்கட்டை மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் கோயில் வாசலில் அருகம்புல் வாங்கலாம். ஆனால் பிள்ளையாருக்குப் போடுகிற மாலை அளவு போதாது, கட்டாக வாங்க வேண்டும்.