வீட்டில் நீதி உண்டா?

நம் சமூகம் முன்னேற வழி யாது என்னும் வினா மேடைதோறும் எழுப்பப்படுகிறது. அரசாங்கம் கவனிக்கவில்லை என்பார் ஒருவர்; முதலாளி சுரண்டிவிட்டான் என்பார் மற்றொருவர்; எல்லாம் தலைவிதி என்று கைவிரிப்பார் வேறொருவர். முன்னிருவர் கூற்றில் உண்மை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவர்கள் அனைவரையும் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். கூட்டம் கலைந்து வீடு திரும்பிய பின், அவ்வீட்டில் நீதி உண்டா?

ஒரு குடும்பத்தில் பங்கிடத்தக்கவை நான்கு: உணவு, கல்வி, உழைப்பு, பணம். இந்நான்கும் நம் இல்லங்களில் எவ்வாறு பங்கிடப்படுகின்றன? மீனில் நடுத்துண்டு தந்தைக்கும் மகனுக்கும். சட்டியில் ஒட்டிய குழம்பு தாய்க்கு. படிப்புச் செலவில் முதல் உரிமை மகனுக்கு. பாத்திரம் துலக்குவதில் முதல் உரிமை மகளுக்கு. பணம் பற்றிய பேச்சோ தந்தையின் சட்டைப் பையோடு முடிந்துவிடும். எல்லா இல்லங்களும் இத்தகையன என்று நாம் கூறவில்லை. ஆனால், இத்தகைய இல்லம் எம் தெருவில் இல்லை என்று மார்தட்டக்கூடியவர் எத்தனை பேர்?

இது நேற்று முளைத்த களையன்று. 1920-களின் பிற்பகுதியில் மலாயாத் தோட்டங்கள் சிலவற்றில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என விகிதம் வகுக்கப்பட்டது. அநீதி என்றோம்; சரியே. ஆனால், பத்துக் காசு குறைத்த துரையை ஏசிய அதே வாய், எஞ்சிய நாற்பது காசையும் மனைவி கையினின்று பறித்துக் கள்ளுக்கடையில் கொட்டிய கணவனை ஏசியதா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, குறைகளோடு. அக்குறைகளுக்குத் துரைமார் பொறுப்பு. மூத்த மகளை மட்டும் அப்பள்ளிக்கு அனுப்பாமல் கைக்குழந்தையைத் தூக்க நிறுத்திய குறைக்கு யார் பொறுப்பு?

நம் முன்னோருள் விழித்தெழுந்தோர் இதனை உணராமலில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? கள்ளுக்கடைகளை மூடுக, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி தருக, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துக என்றும் கேட்டனர். கூலி உயர்ந்தும் வீடு திருந்தாவிடில், உயர்ந்த கூலி ஓட்டைக் குடத்து நீரே என்பதை அவ்வுழைப்பாளிகள் அறிந்திருந்தனர்.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்கள் பல இடிந்தன. நம்மவருட் பெரும்பாலோர் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டனர். தொடக்கக் கல்வி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2003 முதல் கட்டாயமாயிற்று. உயில் எழுதாது இறந்தோர் சொத்தை முஸ்லிம் அல்லாதாரிடையே பங்கிடும் சட்டம் இரு நாடுகளிலும் மகனையும் மகளையும் ஒன்றாகவே நோக்குகிறது. சட்டம் காணாத வேற்றுமையைப் பெற்ற தாய் தந்தையர் காணலாமோ?

"மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே" என்பர் சிலர். அந்த வேறு வீடு யாருடையது? நம்மவருடையதன்றோ! ஒவ்வொரு வீட்டாரும் இவ்வாறே எண்ணினால், ஒவ்வொரு வீட்டுக்கும் கல்வி குன்றிய மருமகளே வருவாள். அவள் மடியிலேயே நம் பேரப்பிள்ளைகள் வளர்வர். பிறர் வீட்டுக்கென்று நாம் மிச்சம் பிடித்தது, வட்டியோடு நம் வீட்டுக்கே நட்டமாய்த் திரும்புகிறது.

"வருவாய் சிறிது, ஒருவனையாவது ஏற்றிவிட்டால் அவன் மற்றவரைத் தூக்குவான்" என்பர் வேறு சிலர். தான் உண்ட தட்டையும் கழுவியறியாத ஒருவன், தங்கையின் பங்கையும் உண்டு பழகிய ஒருவன், பிறரைத் தூக்கக் கற்றது எப்போது? குடும்பம் முழுவதையும் ஒரே கம்பத்தில் கட்டினால், கம்பம் சாயும் நாளில் கூரை முழுதும் சாயும். வருவாய் சிறிதாயின் பங்கீட்டில் நேர்மை பெரிதாக வேண்டும்.

செய்ய வேண்டியது யாது? சம்பள நாளன்று தாயும் தந்தையும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து வரவு செலவைப் பார்க்கட்டும். வாடகை, அரிசி, பள்ளிச் செலவு, சேமிப்பு, கடன் யாவும் வெளிப்படையாக எழுதப்படட்டும். கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்த வீட்டில், ஒருநாள் திருமண ஆடம்பரத்துக்காக வட்டி முதலைகளின் வாசலை மிதிப்பது எளிதன்று. வீட்டு வேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகட்டும். இரவில் அரைமணி நேரம் தந்தை பிள்ளைகளின் புத்தகத்தருகே அமரட்டும், எழுத்தறியாதவராயினும் அமரட்டும். படிப்பு மதிக்கத்தக்கது என்பதைப் பிள்ளை தந்தையின் சொல்லைவிட அவர் அமர்ந்திருப்பதிலிருந்தே அறியும்.

இவற்றுக்கு மனுவும் வேண்டா, மானியமும் வேண்டா. அரசிடமும் முதலாளியிடமும் கேட்க வேண்டிய உரிமைகளை நாம் ஓயாது கேட்போம். ஆயின், அங்கே நீதி கேட்கும் பெற்றோரே! உங்கள் மகள் உங்களிடம் அதனையே கேட்டால், யாது விடை கூறுவீர்?