பாட்டு வாத்தியாரை வையுங்கள், அப்புறம் பிள்ளைகளைத் திட்டுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோயிலில் பாடவே பிடிக்கவில்லை." என் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடத்தாத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, பையன் பெயில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது என்ன நியாயம்?

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆசையாக இருக்கிறான், நல்ல பையன் என்பதற்காக ஒருவனைக் கூட்டிவந்து கிரேனில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் பழக்குவார்கள், பக்கத்தில் ஆள் நிற்பார், அப்புறம்தான் கைப்பிடியைத் தொட விடுவார்கள். கோயிலில் மட்டும் பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "ஏ பிள்ள, நீ நல்லா பாடுவியே, இன்னைக்குப் பதிலுரைப் பாடல் நீ பாடு" என்று தாளைக் கையில் திணிக்கிறோம்.

அப்படி ஒரு பிள்ளை பாடியதை நான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு இருக்கும். கீபோர்டுக்காரர் தனக்குப் பழக்கமான சுருதியை வைத்தார். பிள்ளையின் தொண்டைக்கு அது எட்டுமா என்று கேட்க ஆளில்லை. இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு எப்படியோ முடித்தாள். வெளியே வந்தால் ஒரு பெரியவர், "தெரியாட்டா ஏன் மைக்கைப் பிடிக்க?" என்கிறார். அதன் பிறகு அவளைப் பாடகர் குழுவில் காணோம். இப்போது அந்தப் பெரியவரும், பிள்ளைகள் வருவதில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் ஒருவர்.

பயிற்சி என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. திருச்சபை சொல்லி அறுபது வருடம் தாண்டிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை எடுத்துப் பாருங்கள். பாடகர் குழுவில் இருப்பவர் செய்வது உண்மையான வழிபாட்டுப் பணி, அதற்கு அவரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று 29ஆம் எண் சொல்கிறது. பாடகர்களுக்கு, அதிலும் சிறுவர்களுக்கு, வழிபாட்டுப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 115ஆம் எண். 1967இல் வந்த திருஇசை பற்றிய ஏடு இன்னும் இறங்கி வந்து பேசுகிறது: சிறு குழு அமைக்கக்கூட வழியில்லாத இடத்தில் முறையாகப் பயின்ற ஒன்றிரண்டு பாடகர்களாவது இருக்கட்டும் என்கிறது. நம் கடற்கரைச் சிற்றூர்களை மனதில் வைத்தே எழுதியது போல இல்லையா?

அந்த ஒன்றிரண்டு பேர்கூட இல்லாவிட்டால் என்ன ஆகும்? தெற்கே ஒரு கடற்கரை ஊரில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். வார நாள். பாடத் தெரிந்த இரண்டு அக்காமார் வெளியூரில். ஒரு தம்பி தன் செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு பாட்டை ஓட விட்டான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரம், பாட்டு நின்று சோப்பு விளம்பரம் வந்தது. அந்தத் தம்பியின் கை நடுங்கியது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவனாவது ஏதோ செய்தான். கடலில் உழைத்து ஓய்ந்த ஒரு மனிதரை வழியனுப்ப ஊரில் ஒரு குரல் இல்லை என்பதுதான் என் நெஞ்சில் தைத்தது. வழிபாட்டில் இசைத்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி போன்றவற்றை ஓட விடக் கூடாது என்று 1958லேயே உரோமை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. கருவி செபிக்காது, மனிதன்தான் செபிக்க வேண்டும்.

"காசு எங்கே இருக்கிறது?" என்பார்கள். திருவிழாக் கணக்கை எடுங்கள். சீரியல் விளக்கு, வாணவேடிக்கை, ஒரு ராத்திரி இன்னிசைக் கச்சேரி. அந்த ஒரு ராத்திரிக் காசு ஒரு பாட்டு வாத்தியாருக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று வகுத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியை மாற்றப் பணம் வருகிறது, புதுக் கீபோர்டு வாங்க உபயதாரர் வரிசையில் நிற்கிறார். கீபோர்டில் பேர் பொறிக்கலாம், பிள்ளையின் தொண்டையில் பொறிக்க முடியாது, அதுதான் சங்கதி.

"பிள்ளைகளுக்கு டியூஷன், நேரம் இல்லை" என்பது அடுத்தது. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பாடத்திட்டத்துக்கும் எங்கும் அலைய வேண்டாம், அது வாசக நூலிலேயே இருக்கிறது. 1969இல் வந்த ஒழுங்குப்படி ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளை எட்டு முடிப்பதற்குள் ஒரு சுற்றுத் திருப்பாடல்களைப் பாடி முடிக்கும். பதினொன்று முடிப்பதற்குள் இரண்டு சுற்று. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சென்னைக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் நூற்றுக்கு மேற்பட்ட திருப்பாடல் பல்லவிகள் நெஞ்சில் கூடவே போகும். இதைவிடப் பெரிய மறைக்கல்வி எது?

பதிலுரைப் பாடலில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது இறைவார்த்தை. அந்த இடத்தில் வேறு பாட்டைப் போட அனுமதி இல்லை. ஆனால் பல இடங்களில் கேசட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறார்கள், அல்லது செய்தி வாசிப்பது போல வாசித்துத் தள்ளுகிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சுருதி சேர்வதும், சொல்லைச் சிதைக்காமல் உச்சரிப்பதும், மூச்சை எங்கே எடுப்பது என்பதும், மக்களைப் பாடவிட்டுத் தான் ஒதுங்குவதும் அந்த ஒரு பாட்டிலேயே பழகிவிடும். கடைசியில் சொன்னது முக்கியம். மக்களின் வாயை அடைத்துவிட்டுக் குழு மட்டும் பாடுவதையும் திருச்சபை ஏற்கவில்லை.

"கடவுள் குரலையா பார்க்கிறார், மனதைத்தானே பார்க்கிறார்" என்று சிலர் பக்தியாகச் சொல்வார்கள். சரி. அப்படியானால் பீடத்துக்குப் பூ வைக்கும்போது மட்டும் வாடியதைத் தள்ளிவிட்டு நல்லதாகப் பொறுக்குவது ஏன்? மனதைப் பார்க்கிறவருக்குக் கைப்பாடு தெரியாதா?

இந்தக் கடற்கரைக்கு இதையெல்லாம் வெளியூர்க்காரர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. 1542இல் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1544 சனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நம் விசுவாசமே பிள்ளைகளைப் பழக்கியதால் வீடுகளுக்குள் வந்தது. அவர் ஒரு நாள் வந்து "பாடு" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, தினமும் வந்தார்.

வாத்தியார் கிடைப்பாரா என்றால், தேடினால் கிடைப்பார். திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி இசையும் நடனமும் கற்பித்து வருகிறது. அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட இசை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் நாலு குரலில் பாடப் பழகியவர்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள்?

பழைய பாடகர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்துக்குளிக்கும் காலத்தில் கடலுக்குள் இறங்குகிறவன் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பான் என்று நம் பக்கம் சொல்வார்கள். மேலே கயிறு பிடிப்பவன் இறங்க மாட்டான், ஆனால் அவன் கவனம் தப்பினால் கீழே இருப்பவனுக்கு மூச்சு இல்லை. அண்ணாச்சிமாரே, அக்காமாரே, இனி நமக்கு அந்த வேலைதான். மைக்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். தப்பினால் முறைக்காமல் மெதுவாகப் பல்லவியை எடுத்துக் கொடுங்கள்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கையைத் தூக்கி மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, பாட்டு வாத்தியாருக்கு மாதச் சம்பளம், வரவுசெலவில் தனி வரியாக. இரண்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓர் அறை, மின்விசிறியோடு. மூன்று, புதன்கிழமையே ஞாயிற்றுக்கிழமைப் பதிலுரைப் பாடல் யார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதற்குக் காசே வேண்டாம். இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.