தாங்குறது நாருல்ல?



பங்குனி வெயிலில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போயிருந்தேன். கரிசல் வெடித்துக் கிடந்தது, வரப்போரம் பனைகள். ஒரு பெரியவர் பனையேறத் தளைநாரைக் காலில் மாட்டினார். உடனே ஏறவில்லை. தூரில் பாதம் பதித்து, நாரை இரண்டு தரம் உந்திப் பார்த்தார். “ஆயுசு பூரா ஏறுறீங்க, இன்னுமா சந்தேகம்?” என்றேன். “ஏறுறது நான்தான் தம்பி, தாங்குறது நாருல்ல?” என்றார்.

மதுரையில் படிக்கும் அவர் பேரன் பாறையேறப் பழகுகிறான். பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து ‘எட்டு முடிச்சு’ போட்டுக் காட்டினான். எனக்கு மூன்றாம் தடவைதான் வந்தது. நீங்களும் ஒரு கொடிக்கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு வளையம். நுனியைக் கயிற்றின் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விட்டால் 8 விழும். பிறகு நுனியை, பாறையேறுகிறவர் கட்டியிருக்கும் இடுப்புவாரில் கோத்து, வந்த தடத்தையே ஒட்டித் திரும்பிப் போக வேண்டும். எங்கே பார்த்தாலும் கயிறு இரட்டையாக ஓடும். எண்ணினால் ஐந்து ஜோடி. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் நீவிவிட்டு இறுக்குங்கள். வால் 10 செ.மீ.யாவது மிஞ்சட்டும்.

உருவாஞ்சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். எட்டு முடிச்சில் விழும் கண்ணி இறுகாது. பதநீரோடு இறங்கிவந்த பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். “ஆட்டுக் கழுத்துக்கு நாம போடுறதும் இறுகாத கண்ணிதானப்பா.”

முடிச்சு தெரிந்தால் மட்டும் போதாது. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண் பாறையேற்றத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1989-இல் பிரான்சில், கயிற்றை வாரில் கோத்தவர் கவனம் சிதறி, முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். உச்சியில் கயிற்றை நம்பிச் சாய்ந்தபோதுதான் தெரிந்தது. 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளை தடுத்ததால் பிழைத்தார். 1993-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள ‘நோஸ்’ பாறைத் தடத்தைக் கயிற்றில் தொங்காமல், கைகால் பலத்தாலேயே முதன்முதலில் ஏறி முடித்தவரும் அவர்தான். முடிச்சு தெரியாமலா விழுந்தார்?

பாறையேறுகிறவர்கள் கிளம்புமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பது வழக்கம். பனையேறிக்கு அந்தத் துணை கிடையாது. அவரே உந்திப் பார்த்துக்கொள்கிறார்.

படித்ததை வைத்துப் பாறையேறக் கிளம்பிவிடாதீர்கள். பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கமலை வடத்துக்கு, வைக்கோல் பாரத்துக்கு, தொட்டில் சேலைக்கு உங்கள் வீட்டில் போட்ட முடிச்சுகளுக்கு என்ன பெயர்? பெரியவர்களைக் கேட்டு, முடிந்தால் படமும் வரைந்து, எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்