வாடகை சும்மா வாற காசில்லை

"பிள்ளை, எனக்கு இனி ஓடி ஓடி வேலை செய்ய ஏலாது. ஓமந்தையில ஏ9 ரோட்டுக்குக் கிட்ட ஒரு வீடு விலைக்கு வருது. நாலு பகுதியாப் பிரிச்சுக் கட்டியிருக்கினம். வாங்கிப் போட்டா மாசாமாசம் காசு சும்மா வந்துகொண்டிருக்கும்."

கனடாவிலிருந்து இதைச் சொன்னவர் எங்களில் ஒருத்தியின் சித்தப்பா. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு வாடகை அறைக்குள் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதத்துக் கரண்ட் காசுக்காக வீட்டுக்கார அன்ரி அப்போதுதான் கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தா. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். "என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டா. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

எங்கட நிலைமை இதுதான். இன்றைக்கு வாடகைக்கு இருக்கிற ஆக்கள், நாளைக்கு வீட்டுக்காரரின் பெறாமக்கள். அதனால் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறோம். சித்தப்பாவின் பேச்சில் எங்களுக்குக் கோபம் வருவது ஒரே ஒரு சொல்லால்: "சும்மா".

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீடு 80 இலட்சம் என்று வையுங்கள். கையில் 30, வங்கிக் கடன் 50. வட்டி 13 வீதம் என்றால் மாதம் 54,000 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போய்விடும், முதல் தனி. நாலு பகுதியும் 15,000 படி போனால் வருவது 60,000. ஒரு பகுதி காலியாகக் கிடந்தால் 45,000. அந்த மாதம் வீடு உங்களுக்குச் சோறு போடாது, நீங்கள்தான் வீட்டுக்குப் போடவேண்டும். கடனே இல்லாமல் முழுக்காசையும் போட்டாலும் கணக்குப் பெரிதாக மாறாது. அதே 80 இலட்சம் 8 வீத நிலையான வைப்பில் கிடந்தால் வருசம் 6 இலட்சத்து 40 ஆயிரம் வரும். நாலு பகுதியும் ஒருநாளும் காலியாகாமல் இருந்தால் வாடகை 7 இலட்சத்து 20 ஆயிரம். இடையில் நிற்கிற 80,000 ரூபாவுக்குள்தான் கூரை ஒழுக்கு, தண்ணி மோட்டர், மலகூடக் குழி, பெயின்ற் எல்லாம் அடங்கவேண்டும்.

வட்டி நிலையாய் நிற்கும் என்றும் ஒருத்தரும் நம்பவேண்டாம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினது எங்களுக்கு மறக்கவில்லை. மாறுகிற வட்டிக்குக் கடன் எடுத்த குடும்பங்கள் அந்த வருசம் என்ன பாடுபட்டன என்று உங்கட வீடுகளிலேயே விசாரியுங்கள்.

"ஊர் வளரும், வாடகையும் ஏறும்" என்பார்கள். ஓமந்தைக்கு இந்தப் பாட்டு நல்லாய்த் தெரியும். 2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது நாட்டின் பாதி கதைத்த சோதனைச்சாவடி இந்த ஊரில்தான் இருந்தது. 2006 இல் பாதை பூட்டுப்பட்டது. 2011 இல் ரயில் ஓமந்தை வரை வந்தது, கடைசி நிலையம் இதுதான். 2013 இல் தண்டவாளம் கிளிநொச்சிக்குப் போக, பயணிகளும் ஓமந்தையைக் கடந்து போனார்கள். 2016 இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் பிடுங்குப்பட்டார்கள். கடைசியில் ஓமந்தைக்கு அது வரவேயில்லை. எங்கட ஊர் கனபேருக்குத் தரிப்பிடமாய் இருந்திருக்கிறது. தரித்தவர்களை நம்பி 20 வருசக் கடன் எடுக்கலாமா? ஓமந்தை மத்திய கல்லூரிக்கு மாற்றலாகி வாற ரீச்சர், ஆஸ்பத்திரிக்கு வாற நேர்ஸ் போன்ற ஆக்களை எண்ணிப் பார்த்துத்தான் வீடு வாங்கவேண்டும். பொருளாதார நிலையக் கதையை நம்பி வாங்கக்கூடாது.

அடுத்தது கடதாசி. வன்னியில் காணி என்றாலே முதல் கேள்வி: உறுதியா, பேர்மிற்றா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற ஏலாது. "அற்றோணித் தத்துவம் எழுதித் தாறன், பிரச்சினை வராது" என்று சொல்லுகிறவர் பிரச்சினை வரும்போது பக்கத்தில் நிற்கமாட்டார். உறுதிக் காணி என்றாலும் தோம்பு பார்க்கவேண்டும், அளவைப் படத்தை வளவோடு ஒப்பிடவேண்டும், அந்த நாலு பகுதிக்கும் பிரதேச சபை அனுமதி இருக்கிறதா என்று கேட்கவேண்டும். எங்கட தேசவழமையின்படி, கலியாணம் கட்டின பெண் தன் பேரில் இருக்கிற காணியை விற்கவும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது நியாயமா என்று இன்னொரு நாள் சண்டை பிடிப்போம். வாங்கிறவர் அதைத் தெரியாமல் வாங்கக்கூடாது.

இனி எங்களுக்கு மிகவும் சுடுகிற விசயம்: மீற்றர். வீட்டுப் பாவனை மின்கட்டணம் படிபடியாய் ஏறுகிறது. பாவனை கூடினால் யூனிற் விலையும் கூடும். ஒரு குடும்பம் மாதம் 55 யூனிற் எரித்தால் கீழ்ப் படிகளில் நிற்கும். நாலு குடும்பம் ஒரே மீற்றரில் எரித்தால் 220 யூனிற், ஆக மேல்படிக்குப் போய்விடும். ஒருத்தரும் களவெடுக்கவில்லை, ஒருத்தரும் வீணாக்கவில்லை, ஆனாலும் எல்லாரும் கூடக் கட்டுவார்கள். 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதமும் ஏறினபோது இந்த ஒற்றை மீற்றரால் எத்தனை வீடுகளில் சண்டை வந்தது! தனித்தனி மீற்றர் போடுவதற்கு ஒருக்காச் செலவாகும். போடாவிட்டால் மாசாமாசம் நாலு குடும்பம் வாடகைக்கு மேல் தண்டம் கட்டும்.

தண்ணியும் அப்படித்தான். ஓகஸ்ட் வெயிலில் கிணறு இறங்கும்போது நாலு குடும்பத்துக்கு ஒரு மோட்டர் போதுமா? குழிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம்? இதை ரொறொன்ரோவிலிருந்து வட்ஸப்பில் பார்க்க ஏலாது. "அங்க அண்ணா நிக்கிறார், பார்த்துக்கொள்ளுவார்" என்றால், அண்ணாவுக்குச் சம்பளம் எவ்வளவு? சம்பளமில்லாமல் அண்ணியும் அம்மாவும் செய்கிற வேலைக்குத்தான் உங்கட அகராதியில் "சும்மா" என்று பேர்.

அடுத்தது ஆளைத் தெரிவு செய்கிறது. "சொந்த இடம் எது? அங்க ஆரின்ர ஆக்கள்?" இந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சாதி கேட்கிறார்கள். கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து தலைமுறையாய் வவுனியாவில் இருக்கிற ஆக்களிடம் இன்னும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்கிறார்கள். புருசன் இல்லாத பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தால், "இப்பதான் வேற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டம்" என்கிறார்கள். 2009க்குப் பிறகு கூடாரத்திலும் தகரத்துக்குக் கீழேயும் இருந்த சனம் நாங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாய் வாங்கி, மிச்சத்துக்குக் கடன்பட்டு 550 சதுர அடி வீடு கட்டினோம். கூரை இல்லாமல் இருந்த எங்களுக்கே, கூரை கிடைத்ததும் வாசலில் நின்று சாதி கேட்க எப்படி மனம் வருகிறது?

வாடகைக்கு விடுவதே பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீடு கிடைக்காமல் நாளுக்கு நாலு மணித்தியாலம் பஸ்ஸில் போய்வருகிற ரீச்சர்மாரை எங்களுக்குத் தெரியும். நல்ல வாடகை வீடு ஊருக்குத் தேவை. வாடகை கட்டாமல் இழுத்தடிக்கிற ஆக்களும் இருக்கினம், அதையும் ஒத்துக்கொள்கிறோம். அதற்குத்தான் எழுத்து. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படவேண்டும். கொப்பித் தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்த "ஒரு வருச அக்ரிமென்ற்" நீதிமன்றப் படி ஏறினால் வீட்டுக்காரரையும் காப்பாற்றாது, குடியிருக்கிறவரையும் காப்பாற்றாது.

அன்றைக்கு எங்கட சிநேகிதி சித்தப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள்: "உறுதியோ பேர்மிற்றோ, சித்தப்பா?" மற்றப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. "அதெல்லாம் புறோக்கர் பார்ப்பார், நீ படிக்கிற வேலையைப் பார்" என்றார்.

அவர் அங்கே இருபது வருசம் குளிருக்குள் நின்று உழைத்த காசு அது. அது போகக்கூடாது என்றுதான் அவளும் கேட்டாள், நாங்களும் எழுதுகிறோம். வாங்குங்கோ, சித்தப்பா. ஆனால் கடதாசியைப் பார்த்து வாங்குங்கோ. நாலு மீற்றர் போடுங்கோ. வாடகையில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கோ. பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் குடுங்கோ. கதவைத் தட்டுகிறவரிடம் எத்தனை பேர், எப்ப வாறியள் என்று மட்டும் கேளுங்கோ. கரண்ட் பில்லைக் காட்டச் சொன்னால் காட்டுங்கோ.

இவ்வளவும் செய்ய ஏலாதென்றால் காசை வங்கியில் போடுங்கோ. அதுதான் சும்மா வாற காசு.