ஓசூருக்கு ஓர் அதிர்வெண் பிரமாணம்

ஓசூர் சிப்காட்டிலுள்ள பட்டறைகளில், கடைசல் யந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி தம் கையிலுள்ள மைக்ரோமீட்டரை வெறுமனே நம்பிவிடுவதில்லை. அது ஸ்லிப் கேஜோடு ஒப்பிடப்பட்டு, காலிபரேஷன் சான்றும் பெற்று, அந்தச் சான்றின் தவணை கடவாமலும் இருந்தால்தான் அதன் அளவு செல்லும் என்பது அங்கே விவாதத்துக்கு இடமற்ற நியதி. நீளத்தில் இத்தனை கண்டிப்புள்ள இப்பிரதேசத்தில், அதிர்வெண்ணுக்கும் அப்படியொரு பிரமாணம் மாணவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரங்கள் இவ்வூரில்தான் உருப்பெறத் தொடங்கின. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தரம் இரண்டால் வகுத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. மாதத்துக்கு 15 விநாடி முந்தினாலும் பிந்தினாலும் மணிக்கட்டுக்கு அது போதுமானதே. ஆனால் பத்து லட்சத்தில் ஆறு பங்கான அதே பிழை ஓர் அமெச்சூர் வானொலிக் கருவியில் நேர்ந்தால் விளைவு வேறு.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள், அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்றே தனி டிரான்ஸ்பாண்டர்களைச் சுமந்துகொண்டு, பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஓசூரிலிருந்து நோக்கினால் மேற்கு வானில் ஏறக்குறைய 30 பாகை ஏற்றத்தில், நிலைபெற்று நிற்கிறது. அதன் வழியே ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பேசுவோரின் குரல்கள் 10,489 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்திறங்குகின்றன; டிஷ் ஆன்டெனாவில் பொருத்தும் சாதாரண எல்.என்.பி. கொண்டே அவற்றைக் கேட்கலாம். இடர்ப்பாடு அந்த எல்.என்.பி.யின் உள்ளேதான் இருக்கிறது. எல்.என்.பி.க்களுள் பலவற்றில் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வு 390 மடங்காக்கப்பட்டு 9,750 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. படிகத்தின் பிழையும் அதே 390 மடங்காகிறது. கடிகாரத்தில் பொறுத்துக்கொண்ட அந்தச் சிறு பிழை இங்கே ஏறக்குறைய 58 கிலோஹெர்ட்ஸாக விரிகிறது. ஒருவர் குரலுக்கோ மூன்று கிலோஹெர்ட்ஸ் போதும். ஆகவே நாடிய குரலை விட்டுப் பத்தொன்பது குரல்களின் இடம் தள்ளிப்போய்த் தேடுகிறோம். வெயில் ஏறி எல்.என்.பி. சூடாக ஆக, பிடித்த குரலும் நழுவுகிறது.

பரிகாரம் எளியது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலுள்ள அணுக்கடிகாரங்களைப் பின்பற்றி விநாடிக்கொரு துடிப்பைத் தரும் ரிசீவர் ஒன்று, வெப்பநிலை மாறாத சிறு கூட்டுக்குள் வைத்த 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அதிலிருந்து பெற்ற 25 மெகாஹெர்ட்ஸை எல்.என்.பி.யின் சொந்தப் படிகத்துக்குப் பதிலாகச் செலுத்தினால், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குப் பிழை ஒடுங்கி, பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸிலும் ஒரு ஹெர்ட்ஸ் அளவே வேறுபாடு நிற்கும்.

பொழுதுபோக்குக்கு இத்தனை சூட்சுமம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்களுள் அமெச்சூர் வானொலியாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகவே இஸ்ரோ 2005 மே மாதம் ஹாம்சாட் செயற்கைக்கோளை ஏவியது. 2023 மே மாதம் விண்ணுக்குச் சென்ற என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோள், நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது. இந்திய நேரத்தைத் துல்லியமாகப் பரப்பும் திட்டத்தின் ஐந்து ஆய்வகங்களில் ஒன்று, எல்லைக்கு அப்பால் பெங்களூரில் அமைகிறது. இவ்வளவும் அருகிருக்க, மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகிவரும் மாவட்டத்தின் பிள்ளைகள் அதிர்வெண்ணைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வேலைக்குப் போவது நியாயமன்று.

பர்கூர் அரசு பொறியியற் கல்லூரியும் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளும் தம் கூரையில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனாவை நிறுவி, அந்த 10 மெகாஹெர்ட்ஸைக் கேபிள் வழியே ஆய்வகத்து மேஜைக்குக் கொண்டுவந்து, உரிமம் பெற்ற வெளி அமெச்சூர்களும் பள்ளி மாணவர்களும் தத்தம் கருவிகளை அதனுடன் ஒப்பிட்டுக்கொள்ள விடுமுறை நாட்களில் கதவைத் திறந்துவைக்கட்டும். அதற்கான செலவை ஓசூர்த் தொழிலதிபர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.