சதுர அடிக்குள் சாதி

எந்த நகரத்தில் சதுர அடி என்ன விலை, எது 'நல்ல ஏரியா' என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. மும்பை எட்டாது, சென்னை பரவாயில்லை, அகமதாபாத் மலிவு. தண்ணீர், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஒரு கேள்விக்கு மட்டும் கட்டமே இல்லை: யாருக்குக் கொடுப்பான்?

வீட்டுக்கடன் விண்ணப்பம் பார்க்கிற வங்கிக் குமாஸ்தாவாகச் சொல்கிறேன். பணம் இருந்தால் எங்கேயும் வீடு கிடைக்கும் என்பது சந்தை சொல்லும் பொய். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். சம்பளம் இருந்தது, வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளிலேயே தடியோடு வந்து விரட்டினார்கள்.

பழங்கதையா? அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்சிகள் சிறு கூட்டம்தான். ஆனால் அவர்களுக்குத் திறந்த அதே கதவு வழியாக எந்தச் சாதிக்காரனும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமே! அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி என்று வரிசையாகச் சொல்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை.

சென்னைக்கு வாங்க. 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம் தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டியது. ஊருக்குள் மனை விலை ஏறியது. 2000 முதல் கூவக்கரை மக்களையும் கடற்கரை மக்களையும் லாரியில் ஏற்றிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொட்டினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் சனம். ஊரும் சேரியும் பிரிந்த அதே கணக்கு, இந்த முறை அரசாங்கச் செலவில்! 2021இல் வாரியத்தின் பேரை மாற்றினார்கள். மக்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

தூரம்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்பான் தரகன். கண்ணகி நகருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கணினிக் கம்பெனிகளும், கோடி ரூபாய் விலை பேசும் அடுக்குமாடிகளும். அங்கே தூரம் என்ன மாறிப்போச்சு? கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலையில்லை, கடனில்லை. விலை போவது மண்ணல்ல, பக்கத்து வீட்டுக்காரனின் சாதி.

தோழர்களே, மலிவு வீடு கொடு என்று மட்டும் கேட்டால் இன்னும் தூரமாய் ஒரு சேரி கட்டிக் கொடுப்பார்கள். இருந்த இடத்திலேயே வீடு கேட்போம். சாதி கேட்டு வீடு மறுப்பவனைத் தண்டிக்கச் சட்டம் கேட்போம். அதுவரை 'நல்ல ஏரியா' என்று எவன் சொன்னாலும், யாரைத் துரத்திவிட்டு நல்லதாச்சு என்று கேளுங்க.