ஆறு மணிக்குத் திரையிட்டால் அது யாருக்கு இலவசம்?

"அனுமதி இலவசம், அனைவரும் வருக" என்று வளாகத் திரையிடலின் சுவரொட்டியில் பெரிதாகப் போடுகிறார்கள். கீழே சிறிய எழுத்தில் நேரம் இருக்கும்: மாலை 6 மணி. முதல் வரி கொடுப்பதை இரண்டாம் வரி பிடுங்கிக்கொள்கிறது. நான் தேவதானப்பட்டிக்காரி. கல்லூரிக்குப் பேருந்தில் போய் வந்து படித்தவள். எங்கள் ஊரில் பெண்பிள்ளையிடம் "பொழுது சாயறதுக்குள்ள வந்துரு தாயி" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். விடுதியில் தங்கியவளுக்கோ அது வெளிக்கதவைப் பூட்டும் நேரம். படம் முடிந்து, இயக்குநரோடு உரையாடலும் முடிய ஒன்பது மணியாகும். கடைசிவரை அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நான் படித்தபோது ஒரு மாலை பரிசோதனை ஆவணப்படங்கள் திரையிட்டார்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டோம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா, போரடிக்கும். பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போங்க" என்றார் ஓர் ஆசிரியர். அன்பாகத்தான் சொன்னார். நேரம் கிடையாது, புரியவும் செய்யாது என்று இரண்டு கதவுகளை ஒரே மூச்சில் சாத்தினார்.

முதல் கதவைப் பார்ப்போம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ பெண்களை அது வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் காசு இல்லாமல் போகலாம் என்பது வேறு, இரவில் திரும்பி வரலாம் என்பது வேறு. மதுரையில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடந்துவருகிறது. எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். என் வகுப்பில் படித்த ஆண்பிள்ளைகள் அத்தகைய விழாக்களுக்குப் போய், நண்பன் அறையில் தங்கி, மறுநாள் வந்து கதை சொல்வார்கள். நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

திருச்சூர் ஸ்ரீ கேரள வர்மா கல்லூரியின் பெண்கள் விடுதியில் ஒரு விதி இருந்தது: முதல் ஆட்டமோ இரண்டாம் ஆட்டமோ சினிமாவுக்குப் போகக் கூடாது. மாணவி வழக்குத் தொடுத்தார். எந்த ஆட்டம் பார்ப்பது என்பது மாணவியின் விருப்பம், நிர்வாகம் தன் ஒழுக்கக் கருத்தை அவள்மீது திணிக்க முடியாது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சினிமா பார்ப்பதற்கு ஒரு பெண் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

உடனே பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பில் அவ்வளவு அக்கறை என்றால் இரவு ஒன்பது மணிக்குக் கல்லூரிப் பேருந்தை எடுங்கள். விளையாட்டுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் எடுக்கத் தெரிந்த பேருந்துதானே?

இரண்டாவது கதவு இதைவிட மோசமானது, ஏனென்றால் அதை நாமே நம்பிவிடுகிறோம். பரிசோதனைப் படம் யாருக்குப் புரியாது? ஆர். பி. அமுதனின் 'பீ' 2003இல் வந்தது. மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் மாரியம்மாளின் வேலையைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நெளிகிறவர்கள் யார்? அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திராதவர்கள். மஞ்சளாற்றுப் பாசன வயலில் நாளெல்லாம் குனிந்து களையெடுக்கும் அம்மாவின் மகளுக்கு, வேலை எவ்வளவு நீளமானது என்று படம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெல்ஜியத்தின் ஷாந்தால் அக்கர்மான் எடுத்த 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' படத்தில் நியூயார்க் நகரக் காட்சிகள் மட்டுமே தெரியும். அவற்றின்மேல், ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதங்களை மகள் வாசிப்பாள். ஏன் எழுதவில்லை, எப்போது வருவாய் என்ற கேள்விகளை வாகன இரைச்சல் விழுங்கிவிடும். வெளியூர் விடுதியில் அம்மாவின் ஃபோனை எடுக்கத் தயங்கிய பெண்ணுக்கு இதில் புரியாதது என்ன? பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' 2021இல் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கக் கண் விருது பெற்றது. திரைப்படக் கல்லூரி மாணவி ஒருத்தி, சாதியால் தன்னிடமிருந்து பிரிக்கப்பட்ட காதலனுக்கு எழுதும் கடிதங்கள். இடையிடையே மாணவர் போராட்டங்கள். சாதி பார்த்துக் காதலை அறுக்கும் வீடுகளை நம் பெண்களுக்கு யாராவது விளக்க வேண்டுமா?

படம் புரிவதற்குப் பழக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் பார்ப்பதால்தான் வரும். பார்க்கவிடாமல் வைத்துவிட்டு ரசனை இல்லை என்பது, தண்ணீரில் இறக்காமலே நீச்சல் தெரியவில்லை என்று கேலி செய்வது.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். 1980இல் தீபா தன்ராஜும் நண்பர்களும் தொடங்கிய யுகாந்தர் குழு, புனேயின் வீட்டு வேலைப் பெண்களோடும் நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளிப் பெண்களோடும் சேர்ந்து படம் எடுத்தது. அந்தப் படங்களைப் பெண் தொழிலாளர்களிடமே கொண்டுபோய்ப் போட்டுப் பேசவும் வைத்தது. பார்வையாளர் வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே திரையிடுகிறவர்களிடம் கேட்கிறேன். பகல் பதினோரு மணிக்குப் போடுங்கள், வகுப்பு நேரத்துக்குள், வருகைப்பதிவோடு. உரையாடலில் முதல் கேள்வியை மாணவியிடம் கேளுங்கள். மாலையில்தான் முடியும் என்றால் திரும்பும் வண்டிக்கும் விடுதிக் கதவுக்கும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டுச் சுவரொட்டி அடியுங்கள். மாணவிகளே, "புரியாது" என்று எவராவது சொன்னால், படத்தைப் போடச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்பதைப் பார்த்த பிறகு நாம் சொல்வோம். இதில் எதையும் செய்ய மனமில்லாதவர்கள் சுவரொட்டியில் "அனைவரும்" என்ற சொல்லையாவது அடித்துவிடட்டும்.